அட்டிகஸுக்கு வந்த கடிதங்கள்

கி.மு. 58-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13. மாசிடோனியாவின் தெசலோனிக்கா நகரில் ஒதுங்கியிருந்த ரோம அரசியல் தலைவர் சிசரோவின் கைக்கு அன்று ஒரே நாளில் நான்கு கடிதங்கள் வந்து சேர்ந்தன. நான்கையும் ரோமிலிருந்து எழுதியவர் ஒருவரே, இளமைக்காலம் தொட்டே நண்பரான அட்டிகஸ். முதல் கடிதத்தில் நண்பனைக் கடிந்துகொண்டு, கொஞ்சம் திடமாக இரு என்று கேட்டிருந்தார். இரண்டாவதில் ஊரில் அடிபடும் பேச்சு: கிராசஸிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒருவன், சிசரோ கவலையில் உருக்குலைந்து இளைத்துக் கிடக்கிறார் என்று சொன்னானாம். மூன்றாவதில் செனட்டில் நடந்தவை. நான்காவதில், செல்வாக்குள்ள தலைவர் பொம்பே நம் பக்கம்தான் இருக்கிறார் என்று வாரோ என்பவர் உறுதி சொன்ன சேதி.

வேலைக்காலம் முழுக்க ஆர்.எம்.எஸ். என்ற ரயில்வே அஞ்சல் பிரிவில் இருந்தவன் நான். ஓடுகிற ரயிலில் நின்றபடி கடிதங்களை ஊர் ஊராகப் பிரித்து அறைகளில் போட்டுக் கட்டுக் கட்டினவன். நான்கு கடிதம் ஒன்றாக வந்தது என்றால் எனக்கு முதலில் தோன்றுவது, வழியில் எங்கோ தேங்கியிருக்கிறது என்பதுதான். அக்காலத்து ரோமில் பொதுத் தபால் கிடையாது. கடிதம் கொண்டுபோகவே சிலர் தங்கள் அடிமைகளில் ஆள் வைத்திருந்தார்கள். வரிக் குத்தகைக் கம்பெனிகளின் ஓட்டக்காரர்களிடம் கொடுத்தனுப்புவதும் உண்டு. தெரிந்தவர் யாராவது கப்பல் ஏறினால் அவர் கையில் திணிப்பார்கள். ரோமிலிருந்து ஏதென்ஸுக்கு ஒரு கடிதம் இருபத்தொரு நாளில் வந்ததைச் சிசரோவே வியந்து எழுதியிருக்கிறார். அவருடைய மகனுக்கு ஒரு கடிதம் வந்துசேர நாற்பத்தாறு நாள் ஆயிற்று. இத்தனை தாமதத்தைத் தாண்டித்தான் ஒருவர் புலம்பவும் இன்னொருவர் தேற்றவும் வேண்டியிருந்தது. புலம்பல் போய்ச் சேரும்போது அதன் காரணமே மாறியிருக்கும்.

அட்டிகஸுக்கு சிசரோ எழுதியவற்றில் நானூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் பதினாறு தொகுதிகளாக நமக்குக் கிடைத்திருக்கின்றன. கி.மு. 68-இல் தொடங்கி 44 வரை. அட்டிகஸ் எழுதிய பதில்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் என்ன சொன்னார் என்பதை, புலம்பியவர் அதற்குச் சொன்ன மறுமொழியிலிருந்துதான் பொறுக்கி எடுக்க வேண்டும். நான் சில வருஷங்களாக இந்தக் கடிதங்களை ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசித்து வருகிறேன். எனக்கு சிசரோவைவிட அட்டிகஸ் மேல்தான் அக்கறை. தூரத்தில் இருந்துகொண்டு ஓயாமல் இருட்டையே எழுதி அனுப்பும் ஒரு நண்பனை, அவன் கையை விடாமலும் தான் மூழ்காமலும் ஒரு மனிதர் இருபது வருஷத்துக்கு மேல் தாங்கியிருக்கிறார். அது எப்படி என்று தெரிந்துகொள்ள எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு.

அஞ்சல்தலை சேகரிப்பவர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் எனக்கு ஒருவர் பழக்கமானார். நேரில் பார்த்ததில்லை. வடக்கே ஒரு நகரத்தில் தனியாக இருக்கிறார், என்னைவிடச் சின்னவர், என்னை அண்ணே என்பார். அபாரமான ஞானம். ஒரு அழிந்த முத்திரையின் கால்வட்டத்தைப் பார்த்து எந்த ஊர் என்று சொல்லிவிடுவார். ஆனால் தனிச் செய்தியில் வந்தால் வேறு ஆள். விடியற்காலையில் குரல்பதிவு வரும்: “இன்னிக்கும் விடிஞ்சிருச்சுண்ணே, என்ன பண்றது.” மழை பெய்தால் வீடு ஒழுகும், வெயில் அடித்தால் ஆல்பம் பாழாகும். பென்ஷன் உயர்ந்த சேதியைச் சொன்னால், அதைப் பார்க்க இருக்கப்போவது யார் என்பார். ஆறுதல் சொன்னால் அந்த ஆறுதல் ஏன் பொருந்தாது என்று இன்னும் நீளமாக ஒரு குரல்பதிவு. கைபேசி மினுக்கினாலே என் வயிற்றில் ஏதோ இறங்கும். அவரை விட்டுவிடவும் மனசு ஒப்பவில்லை. இப்படிப்பட்டவர்களோடு பழகுகிற எல்லாருக்கும் இந்த இரண்டும் சேர்ந்தேதான் இருக்கும்.

சிசரோவின் கதைக்கு வருவோம். அவர் பிறவிப் புலம்பல்காரர் அல்ல. கி.மு. 63-இல் ரோமின் உச்சப் பதவியான கான்சல், ஆட்சியைக் கவிழ்க்கக் கேடிலைன் செய்த சதியை முறியடித்தவர், தேசத்தின் தந்தை என்று கொண்டாடப்பட்டவர். சதிகாரர்களில் ஐந்து பேரை விசாரணை இல்லாமல் கொல்லச் செய்தார். அதையே பிடித்துக்கொண்டு எதிரி கிளோடியஸ் கி.மு. 58-இல் அவருக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தான். மார்ச்சில் சிசரோ ரோமை விட்டு ஓட வேண்டியதாயிற்று. பாலடைன் குன்றின் மேலிருந்த வீடு இடிக்கப்பட்டது. புருண்டிசியம் துறைமுகம் வழியாகக் கடல் கடந்து மே மாதம் தெசலோனிக்கா சேர்ந்தார். அங்கே குவெஸ்டர் என்ற நிதி அதிகாரியாக இருந்த பிளான்சியஸ் தன் இருப்பிடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

அங்கிருந்து போன கடிதங்களைத் தொடர்ச்சியாக வாசிப்பது கடினம். எழுத உட்கார்ந்தால் அழுகை வந்து மறிக்கிறது என்கிறார். உயிரை விடாதே என்று நீ தடுத்தாய், அதனால் என் கையை நான் என்மேல் வைக்கவில்லை, ஆனால் உயிரோடிருப்பதற்காக வருந்துவதை உன்னால் தடுக்க முடியவில்லை என்கிறார். ஆசியாவில் ஆளுநர் பதவி முடிந்து அந்த வழியாக ஊர் திரும்பிக்கொண்டிருந்த தம்பி குயின்டஸைக்கூடச் சந்திக்க மாட்டேன் என்றுவிட்டார். பார்த்துவிட்டுப் பிரிவதைத் தாங்க முடியாதாம். இத்தோடு நிற்காமல் பழியும் வருகிறது. என் மேல் அன்பு வைத்த அளவுக்கு அறிவுரையும் தந்திருந்தால் இந்தக் கதி வந்திருக்காது என்று அட்டிகஸையே குத்துகிறார். கூட நின்றவர் மேல்தான் அடி விழுகிறது, ஓடிப்போனவர்கள் மேல் இல்லை. என் நண்பரிடமும் இதை நான் கண்டிருக்கிறேன்.

அட்டிகஸ் என்ன செய்தார்? முதலில், பணம். சிசரோ நாட்டைவிட்டு ஓடும்போது அவர் 2,50,000 செஸ்டர்ஸ் நாணயம் கொடுத்ததாக, அட்டிகஸின் வாழ்க்கையை எழுதிய கொர்னீலியஸ் நெப்போஸ் பதிவு செய்திருக்கிறார். கடனாக இல்லை, கொடையாக. பிறகு ரோமில் இருந்துகொண்டு யார் யார் மனம் எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். அந்த நான்கு கடிதங்களைத் திரும்பப் பாருங்கள். கண்டிப்பு ஒரு கடிதத்தோடு முடிந்துவிட்டது. மற்ற மூன்றும் சேதி. புலம்பலுக்குப் புலம்பல் அளவிலேயே பதில் எழுதிக்கொண்டிருக்கவில்லை அவர். ஒரு பங்கு பதில், மூன்று பங்கு உலகம். உன்னைப் பற்றி ஊரில் இப்படிப் பேசுகிறார்கள் என்ற கசப்பான சேதியையும் மறைக்காமல் சொன்னார். நண்பனின் மனசு நொந்துவிடும் என்று பயந்து இதைச் சொல்லாமல் விடுபவர்கள்தான் பெரும்பாலும். சிசரோ அந்தக் கடிதங்களுக்கு மனக்கசப்போடு பதில் எழுதினார் என்பதும், எழுதுவதை நிறுத்திவிடவில்லை என்பதும் ஒரே கடிதத்தில் தெரிகிறது.

இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. அதே வருஷம் அட்டிகஸின் தாய்மாமன் கசீலியஸ் இறந்துபோனார். கொடிய குணக்காரர் என்று பெயரெடுத்த பணக்காரர். மருமகனைத் தத்தெடுத்துச் சுமார் ஒரு கோடி செஸ்டர்ஸ் சொத்தை எழுதி வைத்துவிட்டார். வீடும் பதவியும் இழந்து கிடக்கிற நண்பனிடம் இதைச் சொல்வதா என்று அட்டிகஸ் மூடி வைக்கவில்லை. அக்டோபரில் சிசரோ தெசலோனிக்காவிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரைப் புதுப் பெயரிட்டு அழைக்கிறார். சந்தோஷப்படுகிறேன் என்ற சொல்லைச் சொல்ல எனக்கு இப்போது உரிமை இருந்தால் சொல்வேன் என்ற பொருளில் ஒரு வரி. அத்தனை இருட்டிலும் அவரிடமிருந்து வந்த ஒரு வாழ்த்து அது. தன் வீட்டு நல்ல சேதியைச் சொல்லாமல் விட்டிருந்தால் அந்த வரி பிறந்திருக்காது. நொந்தவனுக்கு முன்னால் நம் வீட்டு விளக்கை அணைத்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அவனுக்கும் வெளிச்சம் பார்க்கிற வாய்ப்பு போய்விடுகிறது.

இதை வாசித்த பிறகு என் நண்பருக்குப் பதில் சொல்லும் முறையை மாற்றினேன். காலையில் வரும் குரல்பதிவைக் காலையிலேயே கேட்பதில்லை. சாயந்திரம் காப்பி குடித்து முடித்து, உட்கார்ந்து முழுசாகக் கேட்பேன். அவர் சொன்னதற்கு இரண்டு வரி பதில், தர்க்கம் இல்லாமல். பிறகு தனியாக ஒரு செய்தி: பேத்தி சைக்கிள் கற்றுக்கொண்டது, தெருவில் போர்வெல் போட்டது, எதுவானாலும். பிறகு மூன்றாவதாக ஒரு வேலை. ஒரு உறையின் படத்தை அனுப்பி, இந்த முத்திரையில் பாதிதான் தெரிகிறது, எந்த ஊர் பாருங்கள் என்று கேட்பேன். புலம்பல் குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றாவது செய்திக்கு வருகிற பதிலில் அவர் குரல் வேறு மாதிரி இருக்கும். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு பூதக்கண்ணாடியில் பார்க்கிற ஆளின் குரல். ஒரு தடவை, செத்துப்போனால் தேவலை என்ற பேச்சு வழக்கத்தைவிடத் தெளிவாக வந்தது. அன்று மட்டும் இந்த முறையெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. உடனே கூப்பிட்டு நேராகக் கேட்டேன், அதே ஊரில் இருக்கும் அவருடைய அக்கா மகனுக்குச் சொன்னேன், அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐக் கொடுத்து அவர் பேசி முடிக்கும்வரை விடவில்லை. சிசரோ சாவைப் பற்றி எழுதியபோது அட்டிகஸ் அதைச் சும்மா புலம்பல் என்று தள்ளவில்லை என்பதை அந்தக் கடிதங்களே காட்டுகின்றன.

கி.மு. 57 ஆகஸ்ட் 4-ஆம் தேதி ரோமின் மக்கள் சபை சிசரோவைத் திரும்ப அழைக்க வாக்களித்தது. மறுநாள் அவர் புருண்டிசியத்தில் கரை இறங்கினார். அன்று மகள் துல்லியாவின் பிறந்தநாள், அவளே அங்கு வந்து காத்திருந்தாள். செப்டம்பரில் ரோம் சேர்ந்ததும் அட்டிகஸுக்கு நன்றிக் கடிதம். அதிலும் ஒரு முள்: ஆரம்பத்தில் யோசனை சொல்வதில் நீ என்னைவிடத் தைரியசாலியாகவோ புத்திசாலியாகவோ இல்லை என்று சொல்லிவிட்டுத்தான், என்னை மீட்பதற்கு உன்னைப்போல் உழைத்தவர் இல்லை என்கிறார். முள்ளோடு சேர்த்து நன்றியை வாங்கி வைத்துக்கொள்வதற்கும் ஒரு பக்குவம் வேண்டும்.

பதினான்கு நூற்றாண்டு கழித்து, 1345-இல், இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் வெரோனாவில் இந்தக் கடிதங்களின் ஏட்டைக் கண்டெடுத்தார். தன் கையாலேயே படியெடுத்தார். சிசரோ மேல் அவருக்கு அதுவரை இருந்தது பக்தி. இந்தக் கடிதங்களை வாசித்த பிறகு, செத்துப்போன சிசரோவுக்கே ஒரு கடிதம் எழுதி மன ஆற்றாமையைக் கொட்டினார்: இத்தனை தடுமாற்றமா, இத்தனை சண்டையா என்று. பெட்ரார்க்கின் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. மேடையில் முழங்குகிறவரைத் தூரத்திலிருந்து பார்த்தவர் அவர். அட்டிகஸுக்குக் கிடைத்தது நடுராத்திரி சிசரோ, அதிலும் கடைசிவரை.

எல்லாருக்கும் அட்டிகஸ் கிடைப்பதில்லை. கி.பி. 8-இல் அகஸ்டஸ் பேரரசன் கவிஞர் ஓவிட்டைக் கருங்கடல் கரையிலுள்ள தோமிஸுக்கு நாடு கடத்தினான். இன்று ருமேனியாவின் கான்ஸ்டன்டா. அங்கிருந்து அவர் முதலில் ஐந்து தொகுதிகளும் பிறகு நான்கு தொகுதிகளுமாகக் கவிதைக் கடிதங்கள் அனுப்பினார். குளிர், அம்பு, உறைந்த ஆறு, தன்னை இன்னும் பக்கத்தில் எங்காவது மாற்றச் சொல்லுங்கள் என்ற மன்றாட்டு. முதல் ஐந்திலும் நண்பர்களின் பெயரைச் சொல்லாமல் மறைத்தார், அவர்களுக்கு ஆபத்து வரக்கூடாது என்று. ஊரில் பலர் பதில் எழுதுவதை விட்டுவிட்டார்கள், அந்த மௌனத்தைப் பற்றியும் கவிதைதான். உன் பாட்டெல்லாம் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறது என்று ஒருவர் குறை சொன்னதை புரூட்டஸ் என்ற நண்பர் அவருக்கு எழுதினார். ஓவிட் அதை மறுக்கவில்லை. நிலைமை மாறவில்லை, பாட்டு எப்படி மாறும் என்கிற போக்கில் பதில் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. புலம்புகிறவரின் குணத்தைப் பற்றியே பேசுகிற நாம், அவர் நிற்கிற இடம் எத்தனை வருஷமாக மாறாமல் இருக்கிறது என்று கணக்கெடுப்பதில்லை. ஓவிட் ஊர் திரும்பாமலே அங்கேயே இறந்தார். ஆனால் இடையில் அங்கு வாழ்ந்த கெட்டிக் மக்களின் மொழியைக் கற்று அதிலேயே ஒரு பாட்டுக் கட்டியதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பாட்டு கிடைக்கவில்லை.

அட்டிகஸுக்குப் பெரிய சோதனை கி.மு. 45-இல் வந்தது. பிப்ரவரியில், பிரசவத்துக்குப் பின் துல்லியா இறந்துவிட்டாள். சிசரோ முதலில் அட்டிகஸின் ரோம் வீட்டுக்கு வந்து, துக்கத்தைப் பற்றி யார் யார் எழுதியிருக்கிறார்களோ அத்தனையையும் அங்கேயே வாசித்தார். பிறகு கடலோரத்து அஸ்துராவுக்குப் போய்விட்டார். காலையில் அடர்ந்த காட்டுக்குள் நுழைந்தால் சாயங்காலம்வரை வெளியே வருவதில்லை, உனக்கு அடுத்தபடி எனக்குத் தனிமைதான் துணை, பேச்செல்லாம் புத்தகங்களோடுதான், அதையும் அழுகை வந்து குறுக்கே நிறுத்துகிறது என்று எழுதினார். தனக்குத் தானே ஆறுதல் சொல்லி ஒரு நூலும் எழுதினார். யாரும் செய்யாத காரியம் என்று அதைப் பற்றிச் சொல்லிக்கொண்டார்.

மற்றவர்களும் தேற்றினார்கள். சர்வியஸ் சுல்பிசியஸ் என்ற நண்பர் ஏதென்ஸிலிருந்து எழுதிய கடிதம் முழுசாக இருக்கிறது. ஈஜினாவிலிருந்து மெகாராவை நோக்கிக் கப்பலில் வரும்போது சுற்றிலும் பாழடைந்த நகரங்களைப் பார்த்தேன், ஊர்களே செத்துக் கிடக்கும்போது ஒரு மனுஷிக்காக இவ்வளவு கலங்கலாமா என்கிற தோரணை. இலக்கியமாக வாசித்தால் கம்பீரமான கடிதம். மகளைப் பறிகொடுத்தவனுக்கு எழுதியதாக வாசித்தால் எனக்கு நெஞ்சு ஒப்பவில்லை. கறுப்பு ஓரம் தடவிய கருமாதிக் கார்டுகள் ஆயிரக்கணக்கில் என் கையில் போயிருக்கின்றன. அவற்றில் யாரும் தத்துவம் எழுதி நான் பார்த்ததில்லை. தேதி, இடம், வந்து சேருங்கள்.

அட்டிகஸ் பக்கம் பார்த்தால், சிசரோவிடமிருந்து தினம் ஒரு கடிதம், சில நாள் அதற்கு மேலும் வந்துகொண்டே இருந்தது. மகளுக்கு ஒரு கோவில் கட்ட வேண்டும், டைபர் நதிக்கு அந்தப் பக்கம் தோட்டம் வாங்கித் தா என்று சிசரோ பிடிவாதமாக நின்றார். சிலியஸின் தோட்டம் விலைக்கு வருமா, துருசஸ் என்ன கேட்கிறார், ஸ்கபுலாவின் தோட்டம் எப்போது ஏலத்துக்கு வரும், பணம் எங்கிருந்து புரட்டுவது. அட்டிகஸ் சலிக்காமல் விசாரித்து எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் கோவில் யோசனை சரியா தப்பா என்று வாதாடிக்கொண்டிருக்கவில்லை. துக்கத்துக்குப் பேச்சு மட்டுமே போதாது, அதற்கு நிலத்தின் அளவும் விலையும் வேண்டியிருந்தது என்று அவர் புரிந்துகொண்டார் என்றே நினைக்கிறேன். அதே வேளையில், நீ ஒதுங்கிக் கிடப்பதை ஊரில் குறை பேசுகிறார்கள், திரும்பி வா என்று அழைத்துக்கொண்டும் இருந்தார். நான் எழுதிக் குவித்திருப்பதை அவர்களால் வாசித்து முடிக்கக்கூட முடியாது என்று மே மாதம் சிசரோ சீறினார். அந்தச் சீற்றம் அட்டிகஸுக்கு நல்ல சகுனமாகத் தெரிந்திருக்கும். இதற்கிடையே அட்டிகஸின் மகள், சிறுமி அட்டிகாவுக்கு உடம்பு சரியில்லை. அதையும் அவர் எழுதினார், சிசரோவும் அவளை விசாரித்து எழுதினார். மகளை இழந்தவர் நண்பனின் மகளுக்காகக் கவலைப்பட்டது, அந்த வருஷத்துக் கடிதங்களிலேயே எனக்கு முக்கியமான இடம்.

கோடை வந்தபோது தோட்டங்களின் பேச்சு கடிதங்களிலிருந்து மெல்ல நழுவிப் புத்தகங்களின் பேச்சு ஏறிவிட்டது. அட்டிகஸின் வீட்டில் நல்ல பிரதியெழுத்தர்கள் இருந்தார்கள். சிசரோவின் நூல்கள் அங்கேதான் படியெடுக்கப்பட்டு வெளியே போயின. ஜூலையின் பிற்பகுதியில் ஒரு கடிதம். லிகாரியஸ் என்பவருக்காகப் பேசிய உரையில் கொர்ஃபீடியஸ் என்பவரும் அவையில் இருந்ததாகச் சொல்லிவிட்டேன், அவர் அதற்கு முன்பே இறந்துவிட்டாராம், உன் பிரதியெழுத்தர்கள் ஃபார்னாசிஸ், ஆன்டேயஸ், சால்வியஸ் மூவரிடமும் சொல்லி எல்லாப் பிரதியிலிருந்தும் அந்தப் பெயரை நீக்கிவிடு என்கிறார். அதற்குள் எத்தனையோ பிரதிகள் கைமாறியிருந்தன. அந்த உரையை இன்று எந்தப் பதிப்பில் எடுத்தாலும் கொர்ஃபீடியஸின் பெயர் அப்படியே இருக்கிறது.